அந்தப் பவுடர் டப்பாவைப் பற்றி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கு மேலாகத் தங்கள் இதழைப் படித்து வருகிறேன். கடந்த இதழின் மருத்துவக் கேள்வி பதிலில் வந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் தன் கணவர் இளைத்துக்கொண்டே போகிறார், என்ன கொடுக்கலாம் என்று ஒரு பெண் கேட்டிருந்தார். தரமான புரோட்டீன் பவுடரும் மல்டிவைட்டமினும் தொடர்ந்து கொடுங்கள், விரைவில் தேறிவிடுவார் என்று பதில் வந்திருந்தது. கணவர் கூலி வேலைக்குப் போனவர் என்பதையும் அந்தப் பெண் எழுதியிருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லையா?

நான் 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். என் தம்பி குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டினான். 2019இல் இருமல் நிற்காமல் சளிப் பரிசோதனை செய்தபோது டிபி என்று தெரிந்தது. அன்றைக்கு அவன் எடை 41 கிலோ. மாத்திரை அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் தறிக்குப் போக முடியவில்லை, கூலி நின்றுவிட்டது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் அவனுக்குப் பசி திரும்பி வந்தது. டிபி நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பசி தெரியும். உடம்பு இழந்ததையெல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கேட்கும். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிச்சு முழிப்பு வருதுக்கா" என்றான். சட்டியில் சோறு இல்லை.

அந்த நேரத்தில்தான் மருந்துக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று என் தம்பி மனைவி கொலுசை அடகு வைத்து ஒரு பவுடர் டப்பா வாங்கினாள். 400 கிராம், 600 ரூபாய். பால் வாங்கக் காசில்லாமல் வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாள். அதையும் மருந்து என்றே நினைத்துக்கொண்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரணில் வைத்தாள். நான் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நூறு கிராமுக்கு 34 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. அப்படியானால் டப்பா முழுக்க 136 கிராம். அன்றைக்கு முட்டை ஐந்து ரூபாய். 600 ரூபாய்க்கு 120 முட்டை, முட்டைக்கு 6 கிராம் என்றாலும் 720 கிராம் புரதம். வருடக்கணக்கில் குழந்தைகளுக்கு முட்டை கணக்குப் பார்த்தவள் நான், இது மனக்கணக்கிலேயே வந்துவிடும். அவளிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். பிறகு சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

வைட்டமினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐசோனியசிட் என்ற டிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கை கால் மரத்துப் போகாமல் இருக்க பி6 வைட்டமின் கொடுப்பார்கள், அது தேவை. ஆனால் மல்டிவைட்டமின் காசநோயைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. சாப்பாடு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல, 2023இல் லான்செட் மருத்துவ இதழ்களில் வந்த ஜார்க்கண்ட் ஆய்வு அது. நடத்தியதில் நம் சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு பகுதி நோயாளிகளின் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அங்கேயும் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள்தான், ஆனால் அரிசி பருப்போடு சேர்த்து.

இதைப் படித்தபோது என் தம்பி மகள் ஞாபகம் வந்து பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அப்பாவுக்கு நோய் வந்து இரண்டு வருடம் கழித்து, 14 வயதில் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. அதுவும் டிபி. அப்பாவின் தட்டில் சோறு போதவில்லை என்று தன் பங்கில் பாதியை அவருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

சாப்பாடு முக்கியமில்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல சாப்பாட்டோடு படுத்திருந்தவர்களைப் போலவே, வீட்டில் கஞ்சியைக் குடித்துக்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் குணமானார்கள். மிகப் பெரிய கண்டுபிடிப்பு அது. லட்சக்கணக்கான ஏழைகள் படுக்கைக்காகக் காத்திருக்காமல் வீட்டிலிருந்தே பிழைத்தார்கள். ஆனால் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அதை அறுபது வருடமாக மாற்றிப் படித்துவிட்டோம். என் தம்பி மாத்திரை வாங்கிய இடத்தில் ஒருவர் என்னிடம் சொன்னதும் அதுதான். "மாத்திரை போதும்மா, சாப்பாடெல்லாம் அப்புறம்."

சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்தே கொடுக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்து எழுதிக் கொடுத்தபோது வங்கிக் கணக்கு செயல்படவில்லை என்றார்கள். முதல் பணம் வந்தது ஐந்தாவது மாதம். பசி வந்தது மூன்றாவது வாரம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. போன வருடம் தாங்கள் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில், உணவுப் பொட்டலம் வாங்கும் ஒரு பெண்ணின் முகம் தெரியும்படி படம் போட்டிருந்தீர்கள். கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கும் ஊருக்கு அந்தப் பெண் திரும்பிப் போக வேண்டும். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை, வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

இந்த முறை அந்தக் கேள்வி பதிலுக்கு எதிர்ப்பக்கம் முழுக்கப் புரோட்டீன் பவுடர் விளம்பரம். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள் ஐயா.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த இதழில் அதே பகுதியில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். சிகிச்சையில் இருக்கும் எல்லாக் காசநோயாளிகளுக்கும், தனியாரிடம் பார்த்தாலும், பதிவு செய்திருந்தால் உணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 நவம்பரில் 500லிருந்து உயர்த்தினார்கள். ஆதார், வங்கிக் கணக்கு விவரத்தோடு அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் கேட்க வேண்டும். மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள். பவுடர் வாங்கும் காசுக்கு முட்டை, நிலக்கடலை, பருப்பு, பொட்டுக்கடலை வாங்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் சத்துப் பானம் எதுவானாலும் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்றும் போடுங்கள்.

அந்தப் பெண்ணின் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கும். முடிந்தால் அவருக்கு இதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிடுங்கள். அடுத்த இதழ் வரும் வரை அவர் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நாமக்கல் மாவட்டம்.