பல் கூச வைத்த அந்த ஒயின்

நேப்பிள்ஸ், அக்டோபர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். இரு, நன்றாக இரு. ஓடியது போதும்.

நாம் இங்கே ஒரே அறையில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? லேபிள்கூட ஒட்டாதது. ஒரு வாய் குடித்துவிட்டு "பல் கூசுதுடா" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாய். நானும் தலையாட்டினேன். அந்த ஒயின் அஸ்ப்ரீனியோ. போன வாரம் அது விளைகிற அவெர்சா பக்கம் போய் வந்தேன். அன்றைக்கு நாம் சொன்னது தப்பு மாப்பிள்ளே. முக்கியமாக அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவெர்சா இங்கிருந்து வடக்கே, பக்கம்தான். கசெர்த்தா மாவட்டம். வயலோரத்தில் பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மரத்துக்கு மரம் திராட்சைக் கொடியை இழுத்துக் கட்டி, 15 மீட்டர் உயரம் வரைகூட ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையில் எழுப்பிய மதில் மாதிரி இருக்கிறது. இந்த முறைக்கு அல்பெராத்தா என்று பெயர். ரோமானியர்களுக்கும் முந்தைய எத்ருஸ்கர் காலத்துப் பழக்கம் என்கிறார்கள்.

பழம் பறிப்பதைக் கிட்ட நின்று பார்த்தேன். ஏணி அவ்வளவு குறுகல், ஒரு பாதம் வைக்கத்தான் இடம். ஏறியவர் ஒரு முழங்காலை ஏணிப் படிகளுக்கு இடையே நுழைத்துப் பூட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் பாட்டுக்குக் குலை குலையாக அறுத்துக் கூடையில் போட்டார். அந்தக் கூடையின் அடி தட்டையாக இல்லை, கூம்பாக இருக்கிறது. ஃபெஷீனா என்கிறார்கள். நிரம்பியதும் கயிற்றில் இறக்குகிறார், கூர்முனை மண்ணில் குத்தி அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. ஒரு பழம் சிந்தவில்லை. நம் ஊர் பனையேறிகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஏறியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் யாரும் ஏறுவதில்லையாம். இப்போது பல பேர் தாழ்வாகக் கம்பி கட்டித்தான் கொடி வளர்க்கிறார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த மதில்கள் போய்விடுமோ என்று நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

மரத்தின் மேலே நிழலிலும் காற்றிலும் தொங்கும் பழத்தில் சர்க்கரை அதிகம் ஏறுவதில்லை, புளிப்பு குறையாமல் நிற்கிறது. நம் பல்லைக் கூச வைத்தது அதுதான். நுரைக்கும் ஒயின் செய்ய இது தோதாக இருப்பதற்கும் அதே காரணம்தான். பறித்து முடித்ததும் மர நிழலில் உட்கார வைத்து, போன வருஷத்து ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். கூடவே அன்று காலையில் செய்த எருமைப்பால் மொசரெல்லா சீஸ், கத்தி பட்டதும் பால் வழிகிறது. முதலில் வெறும் ஒயின். எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசனை, பிறகு அதே பழைய கூச்சம். அப்புறம் மொசரெல்லா ஒரு துண்டு. கொழுப்பு நாக்கில் வழவழவென்று படிந்த பிறகு இன்னொரு வாய் குடித்தேன். வாய் கழுவிவிட்டது போல் ஆகிவிட்டது, உடனே அடுத்த துண்டுக்குக் கை போனது. அன்றைக்கு நாம் இதை வெறும் வயிற்றில் குடித்தோம் மாப்பிள்ளே!

இன்னொன்று கேள். மரபணுச் சோதனையில் இதுவும் கிரேக்கோ என்கிற வெள்ளைத் திராட்சையும் ஒரே ரகம் என்று தெரிந்திருக்கிறது. அவெல்லீனோ பக்கம் மலையில், பழைய கந்தகச் சுரங்கம் இருந்த தூஃபோ ஊரிலும் அதைச் சுற்றியும் விளைகிற பழத்தில் செய்வதுதான் கிரேக்கோ தி தூஃபோ ஒயின். 2003இல் இத்தாலியின் உச்சத் தரமான டி.ஓ.சி.ஜி. பட்டம் பெற்றது. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். கிரேக்கோ கனமானது, பாதாம் போல ஒரு மெல்லிய கசப்பில் முடிகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் இன்னும் இரண்டு வாங்கினேன். பல்லாக்ரெல்லோ வெள்ளை, ஒரு காலத்தில் நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரசர்கள் கசெர்த்தா பக்கத்துச் சான் லெவுச்சோவில் விசிறி வடிவத்தில் போட்ட தோட்டத்தில் வளர்ந்த ரகம். கிட்டத்தட்ட மறந்தே போய், 1990களில்தான் மீண்டு வந்தது. ஆப்ரிகாட் பழ மணம், நல்ல திடம். அடுத்தது காசவெக்யா. பொன்தெலத்தோனே ஊரில் ஒரு இடிந்த பழைய வீட்டருகே கிடைத்த கொடியிலிருந்து பரவியதாகச் சொல்கிறார்கள், அதனால்தான் 'பழைய வீடு' என்றே பெயர். கருஞ்சிவப்பு ஒயின், மாதுளைத் தோல் போலத் துவர்ப்பு. ஆட்டுக்கறியோடு குடித்தால்தான் அந்தத் துவர்ப்பு அடங்குகிறது.

அஸ்ப்ரீனியோ இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்கிற சமாச்சாரம் இல்லை அது, இளசாக இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். இப்போதுதான் உனக்கு லீவு கேட்க வேண்டிய வேலை இல்லையே, மே மாதத்துக்கு டிக்கெட் போடு. மொசரெல்லாவை நீ வருகிற அன்று காலையில் வாங்கி வைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்