வீட்டோடு நிலத்தையும் காத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் அறக்கட்டளை முறைப்படி பதிவாகிவிட்டது. பழைய வீடும் அதைச் சுற்றியுள்ள நிலமும் ஒரே பத்திரத்தில் அதன் பெயருக்கு வந்துவிட்டன. இந்த நல்ல செய்தியோடு உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி வாரிசுதாரர்களுக்கு. வீட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நிலத்தை மனை போட்டு விற்றிருந்தால் உங்களை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கேட்டு வந்தவர்களும் குறைவில்லை. ஆனாலும் பங்காளிகள் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த மனசு பெரிது.

நிலத்துக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தோம் என்று சிலர் கேட்டார்கள். கூரையில் விழும் மழைநீர் முற்றத்து வடிகால் வழியாகத் தோட்டத்துச் சரிவில் இறங்கிக் குளத்துக்குப் போகும்படி கட்டிய வீடு அது. சுற்றிலும் மண் கொட்டி மனைகளை உயர்த்தினால் வீடு பள்ளத்தில் நிற்கும். தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்கும். அப்புறம் எத்தனை முறை பழுது பார்த்தாலும் நிற்காது.

முதல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் சொன்னதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இங்கிலாந்தில் ஆக்டேவியா ஹில்லும் நண்பர்கள் இருவரும் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை 1895-ல் தொடங்கியபோது, அதன் கைக்கு முதலில் வந்தது வேல்ஸ் கடற்கரையோர மலைச்சரிவு ஒன்று. ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரின் பழைய குருமனையை (பாதிரியார் வீட்டை) 1896-ல் 10 பவுண்டுக்கு வாங்கியது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி 1853-ல் தொடங்கிய மகளிர் சங்கம், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீட்டைச் சுமார் 200 ஏக்கர் நிலத்தோடு 2,00,000 டாலருக்கு வாங்கியது. அரசை நம்பியிராமல் பொதுமக்களிடம் திரட்டிய பணம் அது. இன்றும் அந்தச் சங்கம்தான் அதைப் பராமரிக்கிறது. அன்று ஆசிரியர் பேசி முடித்த பிறகு, நம்மால் முடியுமா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

வழக்கறிஞர் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நாளைக்கே அறக்கட்டளை கலைந்தாலும் சொத்து இதே நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குத்தான் போக வேண்டும், அறங்காவலர் யாருக்கும் பங்கு கிடையாது என்ற விதியைச் சேர்க்காமல் பத்திரத்தை முடிக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். நம் அறக்கட்டளையின் உயிரே அந்த ஒரு பத்திதான். பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முள்புதருக்குள் இறங்கி, மண்மூடிக் கிடந்த எல்லைக்கல்லைத் தோண்டிக் காட்டிய சர்வேயருக்கும், கணக்கு வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்த ஆடிட்டருக்கும் நன்றி.

கொத்தனார் ஐயாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. பின்கட்டுச் சுவரில் பிற்காலத்தில் யாரோ பூசியிருந்த சிமென்டை ஓரமாகக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த பழைய பூச்சை விரல் நகத்தால் கீறிக் காட்டினார். மாவாக உதிர்ந்தது, ஈரமாக. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து உப்புப் பூக்க வைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தச் சிமென்ட் முழுவதையும் உளியால், செங்கல் பெயராமல் எடுத்தார்கள் அவரும் அவர் ஆட்களும். புதிய சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு போர்த்திக் காத்த பெண்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஒவ்வொரு கதவையும் தூணையும் அளந்து வரைந்து கொடுத்த கட்டடக்கலை மாணவர்களே, இனி எந்தப் பழுது வேலைக்கும் உங்கள் வரைபடம்தான் ஆதாரம். திண்ணையின் பழைய புகைப்படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும், சிறுகச் சிறுகப் பணம் அனுப்பிய எல்லோருக்கும், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பெருந்தொகை கொடுத்தவருக்கும் நன்றி.

வந்த பணம், செலவான பணம் இரண்டுக்குமான கணக்கு, ரசீதுகளோடு வீட்டின் முன்னறையில் இருக்கும். நன்கொடை கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். அடுத்து கூரை மர வேலை தொடங்குகிறது. அதற்கும் உங்களைத்தான் கூப்பிடுவோம்.

நன்றியுடன்,
அறங்காவலர்கள் சார்பில்