நிறுவியது எங்கே போனது, மச்சான்?

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் கணினியில் கட்டளை எழுதுகிற அந்தக் கறுப்புத் திரையின் போட்டோவும் வட்ஸ்அப்பில் கிடைத்தன. முதலில் ஊர்ச் செய்தி. ஹட்டனில் மழை விட்டபாடில்லை, துணி காய்வதே இல்லை, மலைக்குப் போகிறவர்களுக்கு அட்டைக்கடி. உங்கள் பண்டாரவளைப் பக்கம் இப்போது காய்ந்த காற்றாக இருக்கும், ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிற காலம் அதுதானே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது படிப்பதாகச் சொல்கிறாள்.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். அப்பாவின் தகரப்பெட்டியில் இருந்த பழைய துண்டுப் பிரசுரங்களை நீ போட்டோ எடுத்து, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கிற டெசரக்ட் என்ற மென்பொருளால் எழுத்தாக மாற்றப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் மலையகச் சனத்தைத் தலை எண்ணிப் பிரித்தார்களே, அந்த நாட்களில் யார் எந்த விண்ணப்பம் போடுவது என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொன்ன கடதாசிகள் அவை, கறையான் தின்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

"டெசரக்டை இன்ஸ்டோல் பண்ணினேன், முடிந்தது என்று சொன்னது, ஆனால் ஆளையே காணவில்லை, பெயரை அடித்தால் தெரியாது என்கிறது" என்று எழுதியிருக்கிறாய். ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறார் மச்சான். நிறுவுவது ஒரு வேலை, நிறுவியதைக் கணினி கண்டுபிடிப்பது வேறொரு வேலை, முதல் வேலை முடிந்துவிட்டால் இரண்டாவதும் தானாக முடிந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீ போட்ட டெசரக்ட், ஹியூலெட் பக்கார்ட் கம்பனியில் 1985க்கும் 1994க்கும் இடையில் உருவானது, 2005இல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், 2006இலிருந்து கூகுள் தாங்கி வளர்த்தது. அதற்குப் பொத்தானும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, கட்டளை எழுதினால் வேலை செய்யும், அவ்வளவுதான். ஆகவே டெஸ்க்டொப்பில் சின்னம் தேடாதே. கோப்பைத் தேடிப் பிடித்து இரட்டைக் கிளிக் செய்தாலும் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறையும், அதைப் பார்த்துவிட்டுப் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதே. வேலை ஒன்றும் சொல்லாததால் தன்னை எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி சொல்லிவிட்டு அது முடிந்துபோகிறது, முடிந்ததும் பெட்டியும் மூடிக்கொள்கிறது, உனக்கு வாசிக்க நேரமில்லை.

இப்போது அந்தப் பிழைச் செய்தி. "உள் கட்டளையாகவோ வெளிக் கட்டளையாகவோ இதை அடையாளம் காண முடியவில்லை" என்பதுதான் அதன் சாரம். இல்லை என்று அது சொல்லவே இல்லை, கவனி. ஃபோல்டர் மாறுகிற சிடி, பட்டியல் காட்டுகிற டிர் மாதிரிச் சில கட்டளைகள் அந்தக் கறுப்புத் திரைக்குள்ளேயே இருப்பவை, அவற்றுக்கென்று தனிக் கோப்பு கிடையாது, அவைதான் உள் கட்டளைகள். மற்றதெல்லாம் வெளியே எங்கேயோ ஒரு ஃபோல்டரில் கோப்பாகக் கிடப்பவை. அவற்றைத் தேட அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, பாத் என்று பெயர், ஒன்றன்பின் ஒன்றாக ஃபோல்டர் முகவரிகள், நடுவில் அரைப்புள்ளி. நீ நின்றுகொண்டிருக்கிற ஃபோல்டரை முதலில் பார்க்கும், பிறகு அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும், அதற்கு வெளியே ஒரு அடி எடுத்து வைக்காது.

லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை அறைகளில், பிறந்த நமக்கு இது விளங்காமல் போகுமா? அறைக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, தபால்காரரின் சுற்றில் லயம் இல்லை, கடிதம் தோட்ட ஆபீசோடு நின்றுவிடும், ஆள் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான், அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் திரும்பிப் போகும். உன் டெசரக்டுக்கு நடந்ததும் அதுதான். இரண்டு வழி இருக்கிறது: ஒவ்வொரு முறையும் முழு முகவரியை எழுது, அல்லது அந்த லயத்தைச் சுற்றில் சேர்த்துவிடு.

எதைச் செய்வதென்றாலும் முதலில் முகவரி தெரியவேண்டும். கட்டளைகளை நான் இங்கே தமிழில் ஒலித்துத்தான் எழுதுகிறேன், நீ அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடி, டெசரக்டுக்கு எஸ் இரண்டு. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வருகிற பெட்டியில் சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் வேர் டெசரக்ட் என்று கேள், வேர் என்பது எங்கே என்று கேட்கிற ஆங்கிலச் சொல். பட்டியலுக்குள் இருந்தால் முகவரியைச் சொல்லும், உனக்கு இப்போது சொல்லாது. அதனால் வேர் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு சாய்கோடும் ஆர் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, இன்னொரு இடைவெளி, டெசரக்ட் புள்ளி இஎக்ஸ்இ என்று முடி. சி டிரைவ் முழுவதையும் தோண்டும், பழைய லெப்டொப் என்றால் நேரமெடுக்கும், போய் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா. பெரும்பாலும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் டெசரக்ட் ஓசிஆர் என்ற பெயரில் கிடக்கும். நிறுவும்போது எனக்கு மட்டும் என்று தெரிவு செய்திருந்தால் உன் பெயருள்ள ஃபோல்டரின் கீழே ஆப்டேட்டா என்கிற மறைத்துவைத்த ஃபோல்டருக்குள் போயிருக்கும், கண்ணால் தேடினவனுக்கு அகப்படாததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று என் ஊகம்.

முகவரி கிடைத்ததும் அதை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டு அடித்துப் பார். ப்ரோகிராம் என்பதற்கும் ஃபைல்ஸ் என்பதற்கும் நடுவில் இடைவெளி இருப்பதால், மேற்கோள்குறி இல்லாவிட்டால் ப்ரோகிராம் வரைக்கும்தான் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்றும் தெரியாது என்று திரும்பவும் உன்னிடம் சண்டைக்கு வரும். கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இரட்டைச் சிறுகோடும் வெர்ஷன் என்ற சொல்லும் சேர். பதிப்பு எண் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

அடுத்தது பட்டியலில் சேர்ப்பது. ஸ்டார்ட் மெனுவின் தேடலில் என்விரோன்மென்ட் என்று அடி, உன் கணக்குக்குரிய மாறிகளைத் திருத்துவது என்று ஒன்று வரும், அதில் பாத் என்ற வரியைத் தெரிவு செய்து எடிட், பிறகு நியூ, அங்கே ஃபோல்டரின் முகவரியை ஒட்டு. இஎக்ஸ்இ கோப்பின் பெயரைச் சேர்க்காதே, ஃபோல்டரோடு நிறுத்து. இதையே ஒற்றை வரியில் செட்எக்ஸ் கட்டளையால் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, அது 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்துவிடும், நீண்ட பட்டியல் என்றால் பாதி காணாமல் போய் நேற்றுவரை ஓடிய மற்ற மென்பொருட்களும் ஓடாமல் நிற்கும்.

சேர்த்த பிறகும் பழைய கறுப்புத் திரை தெரியாது தெரியாது என்றுதான் சொல்லும். அது திறந்த நேரத்தில் கையில் வாங்கிய பட்டியல் நகலை வைத்துக்கொண்டு இருக்கிறது, நீ பிறகு செய்த மாற்றம் அதற்குப் போய்ச் சேராது. மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திற. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விரக்தியில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள், மறுபடி நிறுவும்போது புதிய திரை திறக்கிறார்கள், ஓடுகிறது, உடனே மறுபடி நிறுவினால் சரியாகும் என்று ஊருக்கே வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்!

விண்டோஸ் 11இல் டெர்மினல் என்று திறந்தால் வருவது சிஎம்டி இல்லை, பவர்ஷெல். அது கொஞ்சம் வேறு சாதி. வேர் என்ற சொல்லுக்கு அங்கே வேறு வேலை இருப்பதால் வேர் புள்ளி இஎக்ஸ்இ என்று முழுதாக எழுதவேண்டும், மேற்கோள்குறிக்குள் போட்ட முகவரியை ஓட்ட முன்னால் ஒரு ஆம்பர்சண்ட் குறி வேண்டும், நிற்கிற ஃபோல்டரையும் அது தானாகப் பார்க்காது. உனக்கு இப்போதைக்கு சிஎம்டி போதும்.

மருமகன் பைதான் நிரல்மொழி படிக்கப்போகிறான் என்று எழுதியிருந்தாய், அவனுக்கும் இதே கதை வரும், ஆனால் தலைகீழாக. பைதான் என்று அடித்தால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கும், ஏனென்றால் அந்தப் பெயரில் ஒரு பொய்க்கோப்பை விண்டோஸ் முன்கூட்டியே பட்டியலில் உள்ள ஓர் ஃபோல்டரில் வைத்திருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பட்டியலில் முன்னால் இருக்கிறவர்தான் எழுந்து வருவார். வேர் பைதான் என்று கேட்டால் இருவரையும் வரிசைப்படி காட்டும், மேலே இருப்பது ஓடும். செட்டிங்ஸில் ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ் என்ற இடத்தில் அந்தப் போலியை நிறுத்தலாம். பைதானை நிறுவும்போதே பாத்தில் சேர்க்கவா என்று அடியில் ஒரு சின்னப் பெட்டி கேட்கும், அதில் சரி போடச் சொல்லு, அது தானாகச் சரி போட்டிருக்காது.

என் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு ஓடுகிறது, அங்கே இந்தத் தலையிடி குறைவு, நிறுவுகிறதெல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒரு ஃபோல்டரில் போய் விழும். அங்கே வேறொரு குழப்பம், நிறுவுகிற பொதியின் பெயர் ஒன்று, கட்டளையின் பெயர் இன்னொன்று. ரிப்கிரெப் என்று நிறுவுவாய், ஓட்டுவதற்கு ஆர்ஜி என்று இரண்டே எழுத்து. பேட் என்று நிறுவுவாய், பேட்கேட் என்று அழைக்கவேண்டும், அந்தப் பெயர் வேறு எதற்கோ ஏற்கெனவே போய்விட்டதாம். டிபிகேஜி என்று எழுதி, சிறுகோடும் பெரிய எல் எழுத்தும் போட்டு, பொதியின் பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று முழுப் பட்டியலும் வரும், அதில் பின் என்ற ஃபோல்டரில் கிடப்பதுதான் நாம் அடிக்கவேண்டிய பெயர். இந்தப் பாத் என்ற மாறி யுனிக்ஸ் என்கிற பழைய இயங்குதளத்துக்கு ஏழாம் பதிப்போடு 1979இல் வந்தது, விண்டோஸுக்கு முன்னோடியான டோஸுக்கு 1983இல் இரண்டாம் பதிப்போடு வந்தது. உபுண்டு மாதிரி யுனிக்ஸ் வழிவந்தவை நிற்கிற ஃபோல்டரைத் தேடுவதில்லை, அங்கே இருப்பதை ஓட்டப் புள்ளியும் சாய்கோடும் முன்னால் போடவேண்டும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். பல பேர் பங்குபோட்டுப் பாவித்த இயந்திரங்கள் அவை, எவனாவது பொது ஃபோல்டரில், அங்கே பட்டியல் காட்டுகிற கட்டளையான எல்எஸ் என்ற பெயரில் ஒரு விசமக் கோப்பை வைத்துவிட்டுப் போனால், பட்டியல் பார்க்க வந்த அப்பாவி அதை ஓட்டிவிடுவானே. சிஎம்டி அந்த இடத்தில் இன்னும் அசட்டையாகத்தான் இருக்கிறது.

இனி வேலை. படங்கள் உள்ள ஃபோல்டருக்கு சிடி கட்டளையால் போ. டெசரக்ட், பிறகு படத்தின் பெயர், பிறகு வெளியே வரவேண்டிய கோப்பின் பெயர், பிறகு சிறுகோடு எல், கடைசியில் தமிழுக்கான குறியான டிஏஎம். வெளிக்கோப்புக்கு டிஎக்ஸ்டி என்று வால் போடாதே, அதுவே போட்டுக்கொள்ளும். ஆங்கிலமும் கலந்த கடதாசி என்றால் டிஏஎம், கூட்டல் குறி, இஎன்ஜி என்று இடைவெளி இல்லாமல் சேர். அதற்கு முன் டெசரக்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, இரட்டைச் சிறுகோடு, லிஸ்ட், சிறுகோடு, லேங்ஸ் என்று கேட்டு டிஏஎம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், நிறுவும்போது தமிழைத் தெரிவு செய்யாவிட்டால் இருக்காது. அப்போது அந்தத் தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியாக இறக்கி டெஸ்டேட்டா ஃபோல்டருக்குள் போட்டால் போதும், மறுபடி நிறுவத் தேவையில்லை.

தெளிவான அச்சுக்கு நன்றாகவே வாசிக்கிறது, ஆனால் உன் கடதாசிகளில் துதிக்கை வைத்த பழைய லையும் ணையும் வரும், தமிழ்நாட்டில் 1978இல் மாற்றிய எழுத்துகள் நம் நாட்டு அச்சகங்களில் அதற்குப் பிறகும் பழையபடியே ஓடின, அந்த இடங்களில் அது சறுக்கும். கையால் திருத்தத்தான் வேண்டும், அதற்கு இரண்டு பேர் இருந்தால் லேசு, பாதியை எனக்கு அனுப்பு.

முதல் பக்கத்தை மட்டும் திருத்தாமல் அப்படியே அனுப்பு, எங்கெங்கே தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டுப் படத்தை எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். போட்டோக்களை ஒரு பென் டிரைவிலும் போட்டு வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு, ஆடித் திருவிழாவுக்குத் தோட்டத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது.

உன் பழைய வாங்குத் தோழன்,
ஹட்டன்