வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை: நடப்பவருக்கும் நீந்துபவருக்கும் உரிய கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் காலை நடை என்றதும் காலிமுகத்திடலையும் சுதந்திர சதுக்கத்தையும் சொல்வோரே அதிகம். வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் தொடங்கி, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, தெஹிவளையைக் கடந்து கல்கிசை முனை வரை செல்லும் நான்கைந்து கிலோமீற்றர் கரையைப் பற்றி எழுதுவோர் குறைவு. காலிமுகத்திடலில் கடலைப் பார்க்கலாம், கால் நனைக்கலாம். கடலோடு பழக முடியாது. நடந்த களைப்புக்கு இடையில் இறங்கி நீந்தி, மறுபடியும் மணலில் நடையைத் தொடரக்கூடிய வழி தலைநகரத்தில் எனக்குத் தெரிந்தவரை இது ஒன்றே. அதனை நடப்பதற்கும் குளிப்பதற்கும் உரிய பொதுவழியாக எந்த நிருவாகமும் இன்றுவரை கருதவில்லை என்ற ஆதங்கத்தினாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இக்கரை மேற்கு நோக்கியது. ஆகவே காலை வேளையில் மரைன் டிரைவ் வீதி அடுக்குமாடிகளின் நிழல், கரையை ஒட்டி ஓடும் புகையிரதத் தண்டவாளத்தைத் தாண்டி மணலிலும் விழுந்து கிடக்கும். வெயிலுக்கு அஞ்சாமல் நெடுநேரம் நடக்கலாம். வெள்ளவத்தைப் பகுதியில் கருங்கல் அணையே கூடுதல், மணல் ஒடுக்கம். தெஹிவளையை நெருங்க நெருங்கக் கரை விரிகிறது. கரையேற்றிய வள்ளங்களும் வலையைச் சீர்செய்யும் கடற்றொழிலாளர்களும் தென்படுவர், கரைக்கு வந்த மீனை அங்கேயே விலை பேசி வாங்கவும் இயலும். அதற்கப்பால் கல்கிசை. ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் தமக்கென மாளிகை எழுப்பிய அந்தப் பாறை முனைக்கு வடக்கே கிடக்கும் மணற்பரப்புத்தான் நீந்துவதற்கு ஏற்றது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அங்கே பெரும்பாலும் அடங்கியிருக்கும். நீந்தி முடித்துக் கல்கிசை நிலையத்தில் ஏறினால், நடந்து வந்த வழி முழுவதையும் ஜன்னலோரமாகப் பார்த்தபடியே வீடு திரும்பலாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். கால்வாய் கடலில் விழும் இடத்தில் மணல் வழி அறுந்துவிடுகிறது. அவ்விடத்தில் முறையாகச் செய்யவேண்டியது, புகையிரதக் கடவையால் ஏறி வீதிப் பாலத்தைக் கடந்து மீண்டும் கரைக்கு இறங்குவதாகும். ஆனால் நடப்பவரில் பலர் புகையிரதப் பாலத்திலேயே ஏறிவிடுகின்றனர். புகையிரதப் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. இது இரட்டைத் தண்டவாளம். ஒரு பக்கத்து இரைச்சலுக்கு ஒதுங்கி நிற்பவரை மறுபக்கத்தால் வரும் வண்டி அடித்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அலையின் ஓசையும், போதாக்குறைக்குக் காதில் மாட்டிய கருவியும் சேர்ந்தால் வண்டி வருவதே கேட்காது. இக்கரையோரப் பாதையில் இவ்வாறு உயிர்கள் போன செய்திகளை உங்கள் பத்திரிகையே பலமுறை வெளியிட்டிருக்கிறது. எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது போதாது. கால்வாய் முகத்தில் கடற்பக்கமாக ஒடுங்கிய நடைபாலம் ஒன்றை அமைத்துக் கொடுத்தால், தண்டவாளத்தில் ஏற வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமற்போகும்.

கடல் பற்றிய அறியாமை இதனிலும் பெரிது. நான்கு புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் வாழும் நாம், கடலை ஒன்றில் முற்றாக அஞ்சுகிறோம், அல்லது சற்றும் அஞ்சாமல் இறங்கிவிடுகிறோம். கரைக்கு அலை தள்ளிவரும் நீர் ஏதோ ஒரு வழியால் திரும்பியே ஆகவேண்டும். மணல் சற்று ஆழ்ந்த இடத்தில் அது ஒடுங்கிய நீரோட்டமாகச் சேர்ந்து வெளியே பாய்கிறது. அந்த இடத்தில் அலை உடையாது, நீர் கருமையாகவும் அமைதியாகவும் தோன்றும். கரையில் நிற்கும் புதியவர், அலை இல்லாத இடமே பாதுகாப்பானது என்று கருதிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேராக அதற்குள்ளேயே இறங்குவதைக் கண்டு பதறியிருக்கிறேன். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரைக்குத் திரும்பவேண்டும். நீந்த முடியாதவர் கையை உயர்த்தி உதவி கேட்டபடி மிதக்க முயல வேண்டும். காப்பாற்றப் பாய்பவரும் சேர்ந்து மூழ்குவதே நம் நாட்டுக் கடற்கரைகளில் அடிக்கடி நடப்பது. மிதக்கக்கூடிய ஏதாவது ஒன்றை எறிவதும், உயிர்காப்பாளரைக் கூவி அழைப்பதுமே முதலில் செய்யவேண்டியவை.

கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் செய்யும் பணியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எனினும் மக்கள் இறங்கும் இடங்கள் எல்லாவற்றிலும் அவர்கள் நிற்க இயலாது. எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்பதைக் கொடியாலும் பலகையாலும் காட்டுவதே அந்த இடைவெளியை நிரப்பும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் குளிக்க வருவோரில் கணிசமானோர் தமிழ் பேசுவோர்; மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து தங்குவோருக்கு இந்தக் கடலின் குணம் தெரியாது. பலகை மும்மொழியிலும் இருக்கவேண்டும் என்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை. கடும் மழைக்குப் பின் கால்வாய்கள் நகரத்து அழுக்கை எல்லாம் கடலுக்குக் கொண்டுவருவதால், ஓரிரு நாட்கள் கால்வாய் முகங்களை அண்டிக் குளிக்கலாகாது என்பதும் அதில் எழுதப்படுமானால் நல்லது.

பெண்களின் நிலையைத் தனியே சொல்லவேண்டும். காலிமுகத்திடல் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தபோது, கொழும்பு நகரத்துப் பெண்கள், சிறுவர்களின் நலன் கருதி அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. குடியேற்ற ஆட்சியைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆனால் கடலோரத்தை யாருக்காக அமைக்கிறோம் என்ற கேள்விக்கு அக்கல்லில் உள்ள விடை இக்கரைக்கு இன்னும் கிட்டவில்லை. உடை மாற்ற மறைவிடம் ஒன்று கிடையாது. உப்பைக் கழுவ நன்னீர்க் குழாய் வேண்டுமென்றால் உணவகம் ஒன்றில் காசு கொடுத்து அமரவேண்டியிருக்கிறது. ஈரத்தோடு புகையிரதத்தில் ஏறக் கூசிப் பெரும்பாலான பெண்கள் முழங்கால் அளவோடு நின்றுவிடுகின்றனர். துணிந்து இறங்குவோரும் சல்வாரோடு, சிலர் சேலையோடும், இறங்குகின்றனர். நனைந்த துணியின் பாரம் நீச்சல் தெரிந்தவரையே கீழே இழுக்கும்.

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971இல் அதனை இரு வழியும் நீந்திய குமார் ஆனந்தனும் வடமராட்சிக் கரையின் பிள்ளைகள். அவர்களைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிற நாம், கடலிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் வீடு வைத்துக்கொண்டும் நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதில்லை. அந்த நேரத்தையும் தனியார் வகுப்புக்கே கொடுக்கிறோம். (இதை எழுதும்போது என் வீட்டிலேயே எதிர்ப்புக் குரல் எழுகிறது.) கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகள், நீச்சல் தடாகம் இல்லாவிடினும், கடல் அடங்கிய மாதங்களில் உயிர்காப்புப் பயிற்சி பெற்றோரின் துணையுடன் கல்கிசையில் இதனைத் தொடங்கலாம்.

இவ்வளவும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தடையாக இருப்பது, கரை பலர் கையில் பங்கிடப்பட்டிருப்பதே. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்கும், அதற்குத் தெற்கே தெஹிவளை – கல்கிசை மாநகர சபைக்கும், தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துக்கும் உரியன. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் நிலப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்துள்ளபடியால், இவர்கள் அனைவரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் தகுதி கரையோரம் பேணல் திணைக்களத்துக்கே உண்டு என்பது என் எண்ணம். 2020இல் கடலிலிருந்து மணலை உறிஞ்சிக் கல்கிசைக் கரையில் கொட்டியதும், அதில் பெரும்பகுதி விரைவில் அலையோடு போனதும் பெரும் சர்ச்சையாயின. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நடைபாலமும் கொடிக்கம்பங்களும் நன்னீர்க் குழாய்களும் அற்பமானவை.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்ரெம்பர் வரை இந்தக் கடலில் நீந்த முடியாது. கரையில் வேலை செய்வதும் கடினம். பாலத்துக்கான அளவையையும் மதிப்பீட்டையும் அந்த மாதங்களில் முடித்து, அடுத்த டிசம்பரில் கடல் அடங்கும்போது பலகைகளையேனும் நட்டுவிடுமாறு சம்பந்தப்பட்ட திணைக்களங்களையும் இரு மாநகர சபைகளையும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.