பேய் வீட்டுக்குப் பின்னணி இசை எதற்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பேய்க்கதை ஒலிநூல்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாம் முறை சண்டை பிடிப்பதற்காக. கதவு கிறீச்சிடும் ஒலி, இடி, காற்றின் ஊளை எல்லாம் சேர்ந்து கேட்பவரைப் பேய் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். எனக்கு நேர்மாறாக நடக்கிறது. ஒலிநூலில் கதவு கிறீச்சிட்ட அந்தக் கணமே என் பயம் போய்விடுகிறது.

போன வாரம் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிபோகிறது என்று தொடங்கும், வழக்கமான கதைதான். வாசித்த பெண்மணி எந்த அலங்காரமும் இல்லாமல், வீட்டுக் கணக்கைப் படிப்பதுபோல வாசித்தார். இசை கிடையாது. இரவு பதினொரு மணி இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது என்று வாசித்துவிட்டு அவர் நிறுத்தினார். இரண்டு விநாடி இருக்கலாம். அந்த இரண்டு விநாடிக்குள் எனக்குப் பின்னால் எங்கோ ஒரு ‘டொக்’.

பதினைந்து விநாடி பின்னால் நகர்த்திக் கேட்டேன். அதே வரி, அதே நிறுத்தம். ‘டொக்’ இல்லை. மறுபடியும் கேட்டேன். இல்லவே இல்லை. பிறகு ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றிவிட்டு, ஒரு காது கதையிலும் ஒரு காது வீட்டிலுமாக, பாதி மடித்த போர்வையோடு நின்றேன்.

இதற்கெல்லாம் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பகல் வெயிலில் விரிந்த மரமும் தகரமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது சத்தமிடும். தண்ணீர்க் குழாய் சொடுக்கும். குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கும்போது ஓர் உதறு உதறும். பகலிலும் இவை இருக்கின்றன, மற்றச் சத்தங்களில் அமுங்கிப்போகின்றன, அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தும், எழுந்துபோய்ச் சமையலறை விளக்கை அணைக்க எனக்குக் கால் வரவில்லை.

“அணங்கே விலங்கே கள்வர் தம்மிறை” என்று அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்துகிறார். அணங்கு என்றால் பேய், தெய்வம் போன்ற வருத்தும் சக்தி; இறை என்றால் அரசர். அந்த இரவில் என் மனமும் அந்தப் பட்டியலைத்தான் புரட்டியது. முதலில் கள்வர் என்று நினைத்தேன். வாசல் கதவைத் தாழிட்டது நினைவுக்கு வந்தது. விலங்கு, பூனையாக இருக்கலாமா? ஜன்னலும் சாத்தியிருந்தது. அரசருக்கு என் வீட்டில் வேலையில்லை. மிச்சம் இருந்தது அணங்குதான்.

அந்தப் பதிவில் நாற்காலி நகரும் சத்தத்தை நிஜமாகவே சேர்த்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. ‘ஓ, நாற்காலி’ என்று நினைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்திருப்பேன். சத்தம் பதிவுக்குள் இருக்கிறது, என் வீடு பதிவுக்கு வெளியே இருக்கிறது என்று காது உடனே பிரித்துவிடுகிறது. சத்தம் சேர்க்காத பதிவில் அந்தச் சுவர் எழும்புவதில்லை. வாசிப்பவர் விட்ட இடைவெளியில் என் வீடே வந்து நடித்துவிட்டுப் போகிறது. எந்த ஒலிக்கூடத்தாலும் என் வீட்டுக் குழாயின் சத்தத்தைத் தயாரித்துக் கொடுக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பேய் வீட்டுக் கதைகள் ‘யாரோ’, ‘எதுவோ’, ‘எங்கேயோ’ என்ற சொற்களை நம்பித்தான் நிற்கின்றன. அந்த ஓகாரத்தை எடுத்துவிட்டால் பாதிப் பேய்கள் வேலையிழக்கும். “சுவருக்குப் பின்னால் எதுவோ நகர்ந்தது” என்று கதாசிரியர் எழுதுகிறார். ஒலிப்பதிவாளருக்கு ‘எதுவோ’ என்று ஒரு சத்தம் கிடைக்காது. நகக் கீறலா, மூச்சா, துணி உரசலா என்று அவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் அது எதுவோ அல்ல, எலி.

பின்னணி வயலின் பற்றி என்ன சொல்ல? பேய் வருவதற்கு அரை நிமிடம் முன்பே மணியடித்து அறிவித்துவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாவகாசமாக உட்கார்ந்து பயப்படலாம்.

கட்டுரையாளர் வெளிச் சத்தத்தை அடைக்கும் ஹெட்போனையும் பரிந்துரைத்திருந்தார். பயணத்தில் சரி. பேய்க்கதைக்கு அது கெடுதல், வீட்டையே வெளியே தள்ளிவிடுகிறதே! ஆனால் சாதாரண இயர்போனில் ஓர் அதிசயம் இருக்கிறது. இரண்டு காதிலும் ஒரே குரல் ஒரே அளவில் விழும்போது அது முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருவதாகத் தோன்றுவதில்லை. தலைக்கு உள்ளே, நட்டநடுவில் கேட்கிறது. நாம் நமக்குள் பேசிக்கொள்ளும் அதே இடத்தில். வீட்டில் பேய் இருக்கிறதா, கதாநாயகியின் மனம்தான் பேதலிக்கிறதா என்று முடிவு சொல்லாமல் விடும் கதையை அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட ஒரு கதையில் வாசிப்பவர் முதல் அத்தியாயத்திலிருந்தே குரலை நடுங்கவிட்டார். கதாசிரியர் கடைசிவரை சொல்லாமல் காத்த தீர்ப்பு ஐந்தாவது நிமிடத்திலேயே வெளியாகிவிட்டது. பேய் பேசும் இடங்களில் அவர் வைத்துக்கொண்ட குரலோ, ஜலதோஷம் பிடித்த ஒரு தாத்தாவை நினைவூட்டியது.

பேய் வீட்டுக் கதைக்கு அலங்காரம் வேண்டாம் என்பது புதிதாக நான் கண்டுபிடித்ததல்ல. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான இளைய பிளினி, சுரா என்ற நண்பருக்கு ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றி எழுதினார். அதுவும் ஒரு கடிதம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்த வீட்டில் உருவம் பிறகுதான் வருகிறது, முதலில் வருவது சத்தம். நள்ளிரவில் இரும்பின் ஒலி, உற்றுக் கேட்டால் சங்கிலி. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில். அங்கே குடிவந்த அதெனோடோரஸ் என்ற தத்துவ அறிஞர், சும்மா இருந்தால் மனம் எதையாவது கற்பித்துக்கொள்ளும் என்று விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்கிறார். சங்கிலிச் சத்தம் வருகிறது. அவர் நிமிர்வதில்லை. சத்தம் வாசலுக்கு வருகிறது. அறைக்குள் வருகிறது. அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார். பேய் விரலால் அழைக்க, கொஞ்சம் பொறு என்று கையால் சாடை காட்டிவிட்டு மறுபடி எழுதுகிறார்! இதை யாராவது சத்தமாக வாசிக்கக் கேட்டுப்பாருங்கள். தூரத்தில், பக்கத்தில், வாசலில், உள்ளே என்ற நான்கு படிகளே போதும். இதற்கு மேல் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து குலுக்குவானேன்?

ஒலிநூலின் தொடக்கமும் எளிமையானதுதான். பிரிட்டனில் 1935-ல் பார்வையற்றோருக்காகப் பேசும் புத்தகங்கள் வந்தபோது இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிட வாசிப்புதான் அடங்கியது. ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள்வரை ஆகும். அந்தக் காலத்தில் ஒருவர் நடுராத்திரியில் பேய்க்கதை கேட்டிருந்தால், 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கேட்பவர்கள்மீதும் எனக்குக் குறை உண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். சில செயலிகளில் வாக்கியங்களுக்கு நடுவேயுள்ள மௌனத்தைத் தானாகவே வெட்டும் வசதி வேறு இருக்கிறது. செய்திக்கும் வரலாற்றுக்கும் எப்படியோ போகட்டும். பேய்க்கதையில் மௌனத்தை வெட்டுவது பேயையே வெட்டுவதற்குச் சமம். எனக்கு ‘டொக்’ கேட்ட இடம் அந்த மௌனம்தானே.

இரண்டு கோரிக்கைகள். ஒலிநூல் மதிப்புரைகளில், வெறும் குரல்தானா, சத்தங்கள் சேர்த்ததா என்று ஒரு வரி போடுங்கள். வாங்குபவருக்கு அது கதைச் சுருக்கத்தைவிட உதவும். தயாரிப்பாளர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், இடி மின்னலோடு ஒரு பதிப்பு வெளியிட்டுக்கொள்ளுங்கள், கூடவே வெறும் குரல் பதிப்பு ஒன்றையும் கொடுங்கள். இரண்டாவதற்குச் செலவும் குறைவு.

போன வாரக் கதையில் இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும்போது கேட்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி