புகைபோக்கி, சேமிப்புக் கலன் பழுதுபார்ப்பு: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, பணிக்குழுவின் வணக்கம்.

நமது கூட்டுறவு ஆலையின் கான்கிரீட் புகைபோக்கியையும் அதை ஒட்டிய இரும்புச் சேமிப்புக் கலன்களையும் பழுதுபார்க்கும் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு தனியே தணிக்கைக்குப் போயிருக்கிறது. சாரம் கட்டாமல் கயிற்றில் இறங்கி வேலை பார்க்கச் சொன்னது ஏன், அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்று பொதுக்குழுவில் பலரும் கேட்டீர்கள். எனவே இந்த அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியே.

சாரம் என்றால் குழாயும் பலகையும் கவ்வியும் லாரி லாரியாக வர வேண்டும். வேலை முடிந்ததும் அத்தனையும் திரும்பிப் போக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கயிற்றுக்காரர்களின் சாமான்கள் ஒரே வேனில் அடங்கிவிட்டன. கிரேன் நிறுத்த இடம் தேவைப்படாததால் அடியில் இருக்கும் மரங்களும் தப்பின. உணவும் நீரும் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. கனரக வண்டி ஏறி மண் இறுகிவிட்டால், வெட்டாத மரமும் மெல்லப் பட்டுப்போகும்.

ஆனால் பெரிய லாபம் வேறு இடத்தில் கிடைத்தது. முதலில் ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இறங்கினார். உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். அந்த வட்டங்களை மட்டும் உடைத்து, கம்பியின் துருவை எடுத்து, புதுக் கலவை பூசினார்கள். நல்ல கான்கிரீட்டைத் தொடவில்லை. சாரம் நின்றிருந்தால், "கட்டினதுதான் கட்டியாச்சு, முழுக்கப் பூசிவிடலாமே" என்று நம்மில் யாராவது கேட்டிருப்போம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. பூசாமல் விட்ட கலவையும் மிச்சம்தான்.

அப்புறம், இந்தப் புகைபோக்கி வழியே புகைவிடும் கொதிகலன். புகைபோக்கியின் உச்சிப் பகுதி வேலை முழுவதும் ஆலையின் வருடாந்திர நிறுத்தத்துக்குள்ளேயே முடிந்தது. சாரம் கட்டிப் பிரிப்பதற்காக நிறுத்தத்தை நீட்டியிருந்தாலோ, இன்னொரு முறை நிறுத்தியிருந்தாலோ, ஆறிய கொதிகலனை மறுபடி சூடேற்ற எரிபொருள் வீணாகியிருக்கும். பற்றவைக்கும் நேரத்தில் புகையும் அதிகம்.

இதற்காகக் கயிறு என்றாலே பசுமை என்று குழு சொல்ல வரவில்லை. கலன்களின் பழைய பூச்சில் சிவப்பு ஈயம் (துருவைத் தடுக்கப் பூச்சில் சேர்க்கும் நச்சுள்ள ஈயச் சேர்மம்) இருந்தது. அதைத் திறந்தவெளியில் சுரண்டினால் தூசு காற்றிலும் மண்ணிலும் கலந்துவிடும். துரு திட்டுத்திட்டாக இருந்த இடங்களில், தூசை உறிஞ்சும் குழாய் பொருத்திய கருவியால் கயிற்றில் தொங்கியபடியே சுரண்டினார்கள். ஒரு கலனின் அடிப்பகுதியில் மட்டும் பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. அங்கே சாரம் கட்டி, நாலாபுறமும் திரை போட்டு மூடித்தான் செய்தோம். அதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சேர்ந்த தூசு அபாயகரக் கழிவாக முறைப்படி அனுப்பப்பட்டது. தேய்ந்த நைலான் கயிறும் கழிவுதான், அதை மறுசுழற்சி செய்வது எளிதல்ல. கூர்மையான விளிம்புகளில் உறை போட்டதால் கயிறு வீணாவது குறைந்தது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறுகள், இரண்டும் தனித்தனிப் பிடிமானத்தில். ஒன்று வேலைக்கு, மற்றது காப்புக்கு. கயிற்றில் தொங்கி வேலை பார்ப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 22846-இன் அடிப்படையும் அதுவே. காற்று பலமாக வீசிய நாட்களில் யாரையும் ஏற்றவில்லை, தேதி தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம்.

உச்சியில் பதித்த துருப்பிடிக்காத எஃகுப் பிடிமானங்களைக் கழற்றவில்லை. அடுத்த ஆய்வுக்கும் அவை உதவும். ஆனால் தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தராமல் யாரும் அவற்றில் கயிறு மாட்டக் கூடாது. வட்டமிட்ட இடங்களின் வரைபடமும் படங்களும் அலுவலகத்தில் உள்ளன, உறுப்பினர்கள் வேலை நேரத்தில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
பணிக்குழு