ஆண்கள் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

கனம் சேகரகுரு அவர்களுக்கும், சபை ஊழியர் அவர்களுக்கும், சங்கத்தின் அண்ணன்மார் தம்பிமார் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம். சென்ற ஆண்டு நடந்த காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறு மாலையில் நடந்தன. விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாட்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு நம் சங்கத்தின் பொறுப்பு, குறைவில்லாமல் நடந்தது. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், விறகும் பந்தி பரிமாறலும் நம்முடையவை. கேரல் பவனி மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய் நடந்தது. கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யப்பட்டது.

இனி, சாட்சி வாசிப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் தொடங்கியவன் நான் என்பதும், இதைக் குறித்துச் சிலருக்கு மனத்தாங்கல் இருப்பதும் உங்களுக்குத் தெரியும்.

மாதக் கூட்டத்தில் பாட்டு, ஜெபம், செய்தி, டீ, வடை என்று முடித்துக்கொண்டிருந்தோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விசுவாசம் ஒரு மனுஷனை மாற்றும் என்று வாரந்தோறும் கேட்கிற நாம், அப்படி மாறிய ஆட்களைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறோமா? லூத்தரைத் தெரியும், வெஸ்லியைத் தெரியும். நம் திருநெல்வேலிச் சீமையில் நடந்தது பாதிப்பேருக்குத் தெரியாது. அதனால் மாதம் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து, அரை மணி நேரம் வாசித்துப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். "இது என்ன, சரித்திர வகுப்பா?" என்று ஒருவர் கேட்டார். எபிரெயர் 11ஆம் அதிகாரமும் அப்படித்தானே இருக்கிறது? விசுவாசத்தினாலே ஆபேல், விசுவாசத்தினாலே நோவா என்று ஆள் ஆளாகத்தான் அதில் சொல்லியிருக்கிறது.

முதலில் குளோரிந்தா அம்மையாரை எடுத்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். வேதத்தை அவரிடமே கற்றுக்கொண்டவர். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை, இருவருக்கும் திருமணம் ஆகவில்லை என்பதால். இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த அம்மா போகவில்லை. அதிகாரி இறந்த பிறகு 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் அங்கே சபையார் 40 பேர். பல சாதியார் ஒரே பட்டியலில். 1785-இல் அந்த அம்மா முன்நின்று கட்டிய கோவில் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றும் சொல்கிறோம், அவர் வெட்டிய கிணற்றையும் அப்படியே. ஊரார் வாயில் கெட்ட பெயர் எடுத்திருந்த ஒரு பெண், கேட்டதும் கிடைக்காத ஞானஸ்நானத்துக்காகக் காத்திருந்து, கிடைத்த பிறகு ஊருக்குத் தண்ணீரும் சபைக்குக் கோவிலும் கொடுத்திருக்கிறார். நம்முடைய திருமண்டலம் அங்கேதான் தொடங்குகிறது. நமக்கோ, கோவிலில் பெஞ்சு மாற்றிப் போட்டால் ஆறு மாதம் வருத்தம்.

அடுத்து தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடிக்காரர். தஞ்சாவூர் போய்ச் சுவிசேஷம் கேட்டு, கிறிஸ்தவராகத் திரும்பி வந்து சொந்தக்காரர்களிடமே முதலில் சொன்னார். விசுவாசிகளுக்கு உபத்திரவம் வந்தது. அவர்கள் நிம்மதியாகக் குடியிருக்க 1799-இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர்தான் முதலூர். அந்த மாதம் வேன் வைத்து முதலூர் போனோம். மஸ்கோத் அல்வா வாங்கப் போனார்கள் என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. வந்தவர்கள் கோவிலுக்குள் முழங்கால்படியிட்டு ஜெபித்ததை வராதவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வேன் வாடகையை வந்தவர்களே பகிர்ந்துகொண்டார்கள். சங்கப் பணத்தில் ஒரு பைசா எடுக்கவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

மிஷனெரி ரேனியஸ் ஐயரின் தர்ம சங்கத்தைப் பற்றி வாசித்த மாதத்தில் கூட்டம் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது. பதனீர் சீசன், கோவில்பட்டியில் கல்யாணம், கிரிக்கெட் என்று காரணங்கள் சொன்னார்கள். அந்த மாதம்தான் எல்லோரும் வந்திருக்க வேண்டியது. 1830-இல் ஐயர் அதை ஏற்படுத்தினார். விசுவாசத்துக்கு வந்தவர்களைக் குடியிருக்கும் இடத்தைவிட்டுத் துரத்தினால் போக இடம் வேண்டுமே. நிலம் வாங்கிக் கிராமங்களாகக் குடியமர்த்த வேண்டும். அதற்குப் பணம் சேர்த்தார்கள். கொடுத்தவர்களில் பனை ஏறிப் பிழைத்தவர்கள் உண்டு, கஞ்சிக்கு வழி தேடியவர்கள் உண்டு. முகம் தெரியாத விசுவாசி குடியிருக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். இன்று நம் மாதச் சந்தா 20 ரூபாய். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் எங்களை அசைத்தது, அசரியா ஐயர் பேராயராக இருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா ஐயரைப் பற்றி நமக்குத் தெரியும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதும், 1912-இல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றதும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். தோர்ணக்கலில் விசுவாசத்துக்கு வந்தவர்களைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள், நாள் முழுவதும் அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். ஞானஸ்நானம் பெறும்போது அவர்கள் ஒவ்வொருவரும் தன் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லும்படி பேராயர் செய்வார். படித்தவர் ஊழியம், பாமரர் கேட்க வேண்டியது என்ற பிரிவே அங்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் சாட்சி சொல்ல ஆண்களும் பெண்களும் கூலி வேலையை விட்டுவிட்டு பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள்.

பலன் என்ன தெரியுமா? குடியை விட்டார்கள், சண்டையை விட்டார்கள், வீடு வாசல் துலங்கியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதைப் பார்த்து, அவர்களைத் தொடக்கூட மாட்டோம் என்றிருந்த சாதிக்காரர்களும் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். 1930-களில் பிக்கெட் என்ற மெதடிஸ்ட் மிஷனெரி இதையெல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறார். எந்தப் பிரசங்கியாரும் இழுக்க முடியாதவர்களை, தங்கள் வயலில் கூலி வேலை பார்த்தவர்களின் மாறிய நடத்தை இழுத்துவிட்டது. உண்மையான விசுவாசத்துக்கு இதைவிட அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை. கன்வென்ஷனில் கண்ணீர் வடித்தவர்கள் நம்மிலும் பலர் இருக்கிறோம். மறுநாள் காலையில் கடையிலும் வயலிலும் கூலி கொடுக்கும் இடத்திலும் என்ன வித்தியாசம் தெரிந்தது?

தோர்ணக்கல் வாசித்து முடித்த சில நாட்களுக்குப் பிறகு நம் அங்கத்தினர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. கோவிலில் கடைசி வரிசையில் உட்காருபவர், கமிட்டியில் எந்தப் பொறுப்பும் கேட்காதவர். பீடி சுற்றும் பெண்களுக்கு வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர் என்பதும் ஊர் அறிந்ததே. கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதிலிருந்து ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட ஏடிஎம் கார்டுகள், நுனி மடங்கிய ரேஷன் கார்டுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் வீட்டுத் திண்ணையில் பரப்பினார். "தம்பி, யார் யார் அசலுக்கு மேலேயே கொடுத்திருக்காங்கன்னு எழுதணும், எனக்குக் கண்ணு தெரியலை" என்றார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். முக்கால்வாசிப்பேர் அசலுக்கு மேல் கொடுத்தாயிற்று. மறுநாள் அவரே வீடு வீடாகப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கார்டையும் நோட்டையும் கொடுத்தார். அதிகமாக வாங்கிய பணத்தை ஆடு விற்றுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்; இன்னும் முடியவில்லை. ஒரு பாட்டி கார்டை வாங்கிக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டார்களாம்.

வரி வசூலித்த சகேயுவின் வீட்டுக்குள் கர்த்தர் போனபோது, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னான். இங்கே நடந்ததும் இதுதான். இது சாட்சி வாசிப்பின் சாதனை என்று நான் சொல்லமாட்டேன், கர்த்தர் செய்தது. ஆனால் அவர் அதைச் செய்த காலத்தில் நாம் எதை வாசித்துக்கொண்டிருந்தோம் என்பதையும் சபை கவனிக்க வேண்டும். சரித்திர வகுப்பு என்று சொன்ன அண்ணனுக்கு என் பதில் இவ்வளவுதான்.

வரவு செலவை பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவுக்குள் செலவை அடக்கியிருக்கிறோம், கையிருப்பு சொற்பம். மருத்துவ உதவி கேட்டு வந்த இரண்டு குடும்பங்களுக்குக் கேட்ட அளவு கொடுக்க முடியவில்லை. காரணம் சந்தா பாக்கிதான். அங்கத்தினரில் பாதிக்குமேல் ஆண்டு முழுவதும் சந்தா கட்டவில்லை. இவர்களில் வசதி இல்லாதவர் ஒருவரும் இல்லை என்று மனசாட்சியோடு சொல்கிறேன். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார்கள். மஞ்சப்பையோடு வந்தவரும், ஆடு விற்ற பிறகும், ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்கவில்லை. அசனத்தன்று பந்தியில் முதலில் உட்கார்ந்த சிலரை மாதக் கூட்டத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் மேல் கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது.

எங்களை உற்சாகப்படுத்திய சேகரகுருவுக்கும், கூட்டம்தோறும் டீ போட்டுக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், மைக் செட் தந்த சகோதரனுக்கும், நாற்காலி அடுக்கிய வாலிபர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. என் பொறுப்புக் காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. யார் செயலாளராக வந்தாலும் சந்தோஷமே. வாசிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தென் திருவிதாங்கூரில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவர்களில் ஒருவரான மயிலாடி வேதமாணிக்கம் இன்னும் பாக்கி இருக்கிறார். அப்புறம், தோர்ணக்கலுக்கு ஒருமுறை போய், அந்த மக்களின் பேரப்பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு ஆராதனையில் உட்கார வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ரயில் டிக்கெட் அவரவர் செலவு. ஆனால் வர மனமிருந்தும் வசதி இல்லாத நாலைந்து பேரைச் சங்கம் அழைத்துப் போக வேண்டும், அதில் பீடி சுற்றும் வீட்டுப் பையன்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாக்கிச் சந்தா முழுவதும் வந்தாலே அதற்குப் போதும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளர் வடக்கு வாசலில் புதிய ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்